நீ வாங்கி வைத்த இரண்டு பெட்டிகள்

தம்பி,

நீ இந்தக் கதவைத் திறக்கும்போது நானும் உன் அம்மாவும் ஊரில் இருப்போம். சாவியை வாட்ச்மேன் கான் பாயிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இன்று சாயங்காலம் உன்னுடைய முதல் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரியும். இன்டர்நெட்டில் இந்த வீட்டின் படத்தைப் போட்டு நீ பிடித்த ஆட்கள், சில நாள் தங்கிப் போகிறவர்கள். அவர்களுக்காக நீ போன வெள்ளிக்கிழமை வாங்கி வைத்த இரண்டு அட்டைப்பெட்டிகளும் சமையலறையில் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதே. நான்தான் எடுத்துக்கொண்டேன். எங்கே போயின என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் இருப்பதைத் தாண்டிப்போய் அதை மட்டும் படித்துவிட்டு இந்தத் தாளை மடித்து வைக்காதே. கடை கீழேயே இருக்கிறது. நீ நினைத்தால் உடனே இறங்கிப்போய் வேறு இரண்டு பெட்டி வாங்கி அதே இடத்தில் வைத்துவிடலாம். அதைத் தடுக்க நான் அங்கே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. துபாயின் இந்தச் சத்வா பகுதியில் நாள் கணக்கில், மாதக் கணக்கில் வீடு விடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். ஆனால் எழுதியது உனக்கு.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ மறந்திருப்பாய். உனக்கு ஆயிரம் வேலை. எனக்கு விசா கேன்சல் ஆனபிறகு வேலை எதுவும் இல்லை, ஆகையால் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. நீ முதல் பெட்டியைப் பிரித்தாய். கையளவு தண்ணீர் பாட்டில்கள், அவற்றைச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் உறை வேறு. இரண்டாவது பெட்டியில் காகிதத் தட்டு, தனித்தனியாக உறை போட்ட கப், பிளாஸ்டிக் கரண்டி, ஷாம்பூ பாக்கெட், நகத்தளவு சோப்பு, ஒரு வாய் டீக்குச் சர்க்கரை, ஒரு வாய் டீக்குப் பால் பவுடர், அதோடு தரையில் விரித்துச் சாப்பிட்டுவிட்டு எச்சிலோடு சுருட்டி எறிகிறார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு ஒரு முழுச் சுருள். இதையெல்லாம் அடுக்க இடம் வேண்டும் என்று, அலமாரியில் உன் அம்மா கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களைத் துணி துவைக்கிற வாளியில் அள்ளிப் போட்டு பால்கனியில் வைத்தாய். வாளியில் அவை விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் பால்கனிக்கு வந்தேன்.

"அது எதுக்கு வெளிய போகுது?" என்று கேட்டேன்.

"பழசுப்பா. யார் யார் பேரோ வெட்டியிருக்கு. கெஸ்டுக்கு இதுல போய் தண்ணி குடுக்க முடியுமா?"

"நீ இதுலதானே குடிச்சு வளந்த."

"நான் வேறப்பா, கெஸ்ட் வேற. அவங்க ஹைஜீன் பாப்பாங்க. சீல் போட்டது இருந்தாத்தான் நம்பிக்கை வரும். இது வீடு இல்ல, பிசினஸ்."

"இத்தனை வருசமா நாங்க நடத்துனது என்ன, தர்ம சத்திரமா?"

உன் அம்மா உள்ளே இருந்து, "வெயில்ல நின்னு ரெண்டு பேரும் மண்டையைப் பொளக்காதீங்க, டீ போட்டிருக்கேன்" என்றாள். அப்போது நீ என் தோளில் கை வைத்தாய். சிரித்த முகமாகத்தான் சொன்னாய். "நீங்க நிம்மதியா ஊருக்குப் போங்கப்பா. நீங்க போனதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்." தம்பி, நீ கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு அன்றே மறந்திருப்பேன். நீ அன்பாகச் சொன்னாய். ஒருவன் போவதற்கு முன்பே அவன் போன பிறகு நடக்கப்போவதை அவனிடமே அன்பாகச் சொல்வது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். நீ டீயைக் குடிக்காமல் போனாய். அதன்பிறகு அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறாய்.

அட்டைப்பெட்டிக்கு நான் விரோதி என்று நினைக்காதே. அது எனக்கு வாத்தியார். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். துபாய்க்கு வந்து மளிகைக் கிடங்கில் லோடு இறக்குகிறவனாகச் சேர்ந்தபோது எனக்கு இங்கிலீஷில் என் பெயர்கூட எழுத வராது. கன்டெய்னரைத் திறந்தால் பெட்டி பெட்டியாக எழுத்துத்தான். எது மேல்பக்கம், எதை ஈரத்தில் வைக்கக்கூடாது, எது உடையும், எது எந்த நாட்டில் செய்தது என்று எல்லாம் பெட்டியிலேயே எழுதியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு எதிரே இருக்கிற பெட்டியை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கூட இருந்த மலபாரி ஒருவன், "எடா, அது தின்னான் பற்றுமோ?" என்று, அதைத் தின்ன முடியுமா என்று கேலி செய்வான். அப்படிப் படித்துத்தான் லோடு இறக்குகிறவன் ஸ்டோர்கீப்பர் ஆனேன். அரபி எழுத்தையும் பெட்டிகளில்தான் கற்றேன், ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் அரபி என்று அச்சடித்திருந்ததால். ஒரு பெட்டி எதற்காக இருக்கிறது என்று இந்த ஊரில் என்னைவிட அதிகம் யோசித்தவன் இருப்பான் என்று நான் நம்பவில்லை. பெட்டி கடல் தாண்டுவதற்காக இருக்கிறது. வழியில் எத்தனையோ கை மாறும், யாரும் யாருக்கும் பொறுப்பில்லை, ஆகையால் உறை வேண்டும், சீல் வேண்டும். வந்து சேர்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொருளுக்கு வீட்டுக்காரன்தான் பொறுப்பு.

சீல் போட்டது இருந்தால்தான் நம்பிக்கை வரும் என்கிறாய். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். உன் வீட்டுக்கு வந்தவனிடம் சீல் உடைக்காத பாட்டிலை நீட்டும்போது நீ அவனிடம் சொல்வது, என்னை நம்பாதே, இதை அடைத்த கம்பெனியை நம்பு என்பதுதான். உறை போட்ட கப்பை வைக்கும்போது, இந்த வீட்டில் யாரும் எதையும் கழுவுவதில்லை, ஆகையால் கழுவவே வேண்டாத ஒன்றை உனக்குத் தருகிறேன் என்கிறாய். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிறவன் தன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறான். அதைக் கொடுக்கத் தயங்குகிறவன் பாட்டிலைக் கொடுக்கிறான். இது உனக்குப் பழம்பேச்சாகத் தோன்றினால், குப்பைக் கதையையே சொல்கிறேன். உன் அம்மா உனக்கு இதை முழுதாகச் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் கொஞ்சம் பயம் இருக்கிறது, பிள்ளைக்குப் பயத்தைக் காட்டக்கூடாது என்பது அவள் கட்சி.

இந்த வீட்டின் இரண்டு படுக்கையறைகளில் ஒன்றை விருந்தாளிகளுக்கு விடத் தொடங்கியபோது நீ கைக்குழந்தை. கம்பெனி ஆட்களைத் தங்க வைக்கிற கேம்பில் இருக்கிறவர்கள் பெண்டாட்டியை அங்கே கூட்டி வைத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் சம்பளம் கூடிய ஃபோர்மேன், டிரைவர் யாராவது விசிட் விசாவில் மனைவியை வரவழைத்தால், அந்த ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு அறை வேண்டும். அப்படி முதலில் வந்தவர்கள் கருப்பையாவும் பாண்டியம்மாளும். அவன் அருப்புக்கோட்டைப் பக்கம், கொத்தனார்களுக்கு ஃபோர்மேன். எங்களிடம் அப்போது தட்டுமுட்டு குறைவு என்பதால், வரும்போது ஆளுக்கொரு தட்டும் டம்ளரும் எடுத்து வரச் சொல்லி அம்மா முன்பே தகவல் அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்தாள். ஆனால் கருப்பையா வேறு திட்டம் வைத்திருந்தான். முதல் வெள்ளிக்கிழமையே தன் ரூம் ஆட்களை எல்லாம் கறிச்சோற்றுக்குக் கூப்பிட்டுவிட்டான். நீ இப்போது வாங்கி வந்தாயே, கிட்டத்தட்ட அதே சாமான்களை அவன் அன்றே வாங்கி வந்தான். காகிதத் தட்டு, கப், விரிப்புச் சுருள். பன்னாட்டுப் பழக்கம் என்று நீ நினைப்பது கேம்ப் பழக்கம்தான், தம்பி. சாப்பிட்டார்கள், எலும்பும் சோறும் எலுமிச்சைத் தோலுமாக விரிப்போடு சுருட்டினார்கள், பைகளில் திணித்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் மாதம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மறுநாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், பை கிழிந்து குழம்பு மாடி நடைபாதை நீளத்துக்கு ஓடியிருந்தது. ஒரு பூனை நடுவில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. கான் பாய் இடுப்பில் கை வைத்து நின்றார். அப்போது அவருக்குத் தாடி கறுப்பு. "க்யா பாய், யே கர் ஹை யா ஹோட்டல்?" என்றார். வீடா இல்லை ஹோட்டலா என்று கேட்டவர் குரலைத் தாழ்த்தி, "குப்பையைப் பார்த்தால் வீட்டில் எத்தனை பேர் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மேனேஜர் நாளைக்கு வருகிறார்" என்றார், தன் மொழியில். நாங்கள் அறையை உள்வாடகைக்கு விடுவது கட்டட மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்தால் எங்களைத் தெருவில் நிறுத்திவிடுவார். தெருவில் நிற்பது என்றால் உன்னையும் உன் அம்மாவையும் ஊருக்கு அனுப்பிவிட்டு நான் மறுபடி கேம்ப் கட்டிலுக்குப் போவது. அந்தக் காலையில் நானும் கான் பாயும் மண்டிபோட்டு அந்த நடைபாதையைக் கழுவினோம். அவர் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் அன்றைக்கு நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எவ்வளவு எறிகிறாயோ அவ்வளவு வெளியே தெரிவாய்.

சாயங்காலம் கருப்பையா தலையைத் தொங்கப்போட்டு வந்தான்.

"அண்ணே, தப்புத்தான். ஆனா அவ ரெண்டு மாசம்தான் இருக்கப்போறா. அதுலயும் பாத்திரம் வெளக்கிக்கிட்டே நிக்கணுமா? அதுக்குத்தாண்ணே காயிதத் தட்டு வாங்குனேன்."

"அவ ஏன் வெளக்கணும்? கேம்புல உன் தட்டை யாரு கழுவுறா?"

"நாந்தான் கழுவுறேன்."

"பொண்டாட்டி ஏர்போர்ட்ல எறங்குனதும் அந்தக் கை எங்கடா போச்சு?"

அறைக்குள்ளிருந்து பாண்டியம்மாள் சிரித்த சிரிப்பு கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். "நல்லாக் கேளுங்கண்ணே" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ஆட்கள் வந்தார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அவரவர் தட்டையும் டம்ளரையும் கேம்பிலிருந்து எடுத்து வர வேண்டும், அவரவர் கழுவ வேண்டும். பையில் தட்டு கலகலக்க வந்து சேர்ந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் சமையலறைக் குழாயடியில் வரிசை கட்டி நின்றார்கள். பாண்டியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எங்க ஊர்ல போயி இதைச் சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டாளுக" என்று உன் அம்மாவிடம் சொன்னாள். அன்று வெளியே போனது ஒரே ஒரு பை. கான் பாய் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பஸ்?" என்றார். அவ்வளவுதானா என்று அர்த்தம். அவ்வளவுதான் என்றேன்.

அவர்கள் கிளம்பிய நாளில்தான் அலமாரி ஆரம்பமானது. உனக்குத் தெரியும், இங்கிருந்து போகிற பெட்டியில் இடம் இருக்காது. போர்வை, சோப்பு, ஆரஞ்சுப் பவுடர் டப்பா, பிஸ்கட் டின், தைலம் என்று ஊரே அந்தப் பெட்டிக்குக் காத்திருக்கும். கருப்பையா பெட்டியை எடை பார்த்துவிட்டு விழித்தான். அவள் யோசிக்கவே இல்லை. தட்டுகளையும் டம்ளர்களையும் வெளியே எடுத்தாள். "அக்கா, இது இங்கயே இருக்கட்டும். அடுத்து வர்றவளுக்கு ஆகும்" என்றாள். கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தை ஒரு பெண் விட்டுவிட்டுப் போவது லேசான காரியமா? அதிலே அவர்கள் இருவர் பெயரும் வெட்டியிருந்தது. அடுத்து வந்தவள் அதில் குடித்தாள், போகும்போது தன்னுடையதை வைத்துவிட்டுப் போனாள். இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. யாரையும் நாங்கள் வைக்கச் சொன்னதில்லை. வைக்காமல் போனவர்களும் உண்டு, குறையில்லை. எவர்சில்வர் இங்கே தங்கியது, டப்பாக்கள் ஊருக்குப் போயின. அங்கே எந்த டப்பாவும் குப்பைக்குப் போவதில்லை. பாண்டியம்மாள் வீட்டில் இன்றைக்கும் அந்த ஆரஞ்சுப் பவுடர் டப்பாவில் கடுகு இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மேனேஜர் மாறினார், பிறகு முறைப்படி அனுமதியும் கிடைத்தது, பயம் போய்விட்டது. பயம் போன பிறகும் நான் வழக்கத்தை விடவில்லை. பயத்தில் பிடித்ததை மானத்துக்காக வைத்துக்கொண்டேன். பெரிய கேனில் தண்ணீர் வரும், காலிக் கேனைக் கொண்டுவருகிறவனே எடுத்துப் போவான். அதைக் குழாய் வைத்த பானையில் ஊற்றி வைப்போம். அரிசி, பருப்பு, சர்க்கரை, டீத்தூள் எல்லாம் டப்பாவில், வருகிறவர்களுக்கு முதல் சில நாளைக்குப் போதுமான அளவு. போகிறவர்கள் மீந்ததை அதிலேயே விட்டுப் போவார்கள். முட்டை அட்டையைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துத்தான் அடுத்த முட்டை. கதவுக்குப் பின்னால் தொங்குகிற துணிப்பைகள் கீழே இருக்கிற தையல்கடையில் மீந்த துணியில் தைத்தவை. கோட் துணியும் பூப்போட்ட துணியும் சேர்த்துத் தைத்ததால் பார்க்க விகாரமாக இருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வெட்கப்பட்டாய். நான் விடவில்லை. இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை. வெட்கத்தால் யாருக்கும் உடம்பு நொந்ததில்லை.

"நீங்க சொல்றது சரி, சொல்ற விதம்தான் சரியில்ல" என்று உன் அம்மா எப்போதும் சொல்வாள். விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் விஷயம் ஓடிவிடும் என்பது என் கட்சி. அந்த வழக்கு எங்களுக்குள் முடியவில்லை, ஊரிலும் நடக்கும்.

இனி நான் சொல்லப்போவது நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது. உன் பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை. இங்கிலீஷ், இந்தி, அரபி இருந்தன. நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய். உன் அம்மாவுக்குப் புத்தகம் வாங்கவும் தெரியாது, வாங்குகிற இடமும் தெரியாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாத்திரம் கழுவிய பிறகு ஒவ்வொரு டம்ளராக எடுத்து உன் கையில் கொடுத்தாள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, விரலால் தடவினாலே தெரியும். "இது யாரு?" என்பாள். நீ தடவிக்கொண்டே, "பா... பாண்... பாண்டி..." என்பாய். ஒரு நாள் நான் சீக்கிரம் வந்தபோது கதவருகில் நின்று இதைப் பார்த்தேன். உள்ளே வராமல் நின்றேன். கிடங்கில் பெட்டி மேல் உட்கார்ந்து எதிர்ப் பெட்டியைப் படித்த ஒருவனை எனக்குத் தெரியும், அவன் நினைவு வந்தது. நான் இந்த ஊர்ப் பாஷையைப் பெட்டியில் படித்தேன். நீ நம் பாஷையை டம்ளரில் படித்தாய். இந்தக் கடிதத்தை இந்த இடம் வரை யார் உதவியும் இல்லாமல் படித்து வந்திருக்கிறாய் என்றால், அந்த வாளியில் நீ அள்ளிப் போட்டவர்களால்தான் படிக்கிறாய். யார் யார் பேரோ என்றாய். அவர்கள் பெயர் உனக்கு ஒருகாலத்தில் மனப்பாடம்.

உன் நியாயத்தையும் கேட்கிறேன். வருகிறவர்கள் பல தேசத்தார், அந்நியர்கள், இன்னொருவர் வாய் வைத்ததில் குடிக்க அருவருப்பார்கள் என்கிறாய். அருப்புக்கோட்டைக்காரியும் பிறகு வந்த தஞ்சாவூர்க்காரியும் மட்டும் என்ன அக்கா தங்கையா? அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அருவருப்புக்கு மருந்து வெந்நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவு. அவர்கள் பார்க்கக் கழுவு. துடைத்துப் பளபளவென்று வை. எந்த ஹோட்டலிலாவது யாராவது புதுத் தட்டில்தான் சாப்பிடுகிறானா? சோப்பைச் சின்னதாக வைக்காதே, குழாயடியில் ஒரு பெரிய பாட்டிலில் திரவ சோப்பு வைத்து, தீரத் தீர ஊற்று. டீக்கு வேண்டியதை டப்பாவில் வை, அவர்கள் கைக்கு எது எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள். வேலைக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்பாய். நீ வந்து கழுவு. நான் கழுவினேன். அதைச் செய்ய முடியாதென்றால், நீ விருந்தாளியைக் கூப்பிடவில்லை, ஆளைக் கிடங்கில் இறக்கி வைக்கிறாய். அந்த வேலையை உனக்கு முன்னாலேயே நான் செய்திருக்கிறேன், அதில் பெருமை ஒன்றும் இல்லை.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன். முதலில் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "மாஃபி ரிட்டர்ன்", விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றுவிட்டான். அதனால் உன் பாட்டில்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரைப் பானையில் ஊற்றினேன். உன் அம்மா மூடிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "கெட்ட பிடிவாதம் உங்களுக்கு" என்றாள், ஆனால் பொறுக்கினாள். காலிப் பாட்டில்களையும், காகிதத் தட்டுகளையும், கப்புகளையும், விரிப்புச் சுருளையும், சோப்பு ஷாம்பூ சர்க்கரைப் பாக்கெட்டுகளையும் உன்னுடைய இரண்டு பெட்டிகளிலேயே மறுபடி அடுக்கினேன். நான் ஸ்டோர்கீப்பர், அடுக்கத் தெரியும். டேப் ஒட்டி, நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கி, மார்க்கரால் என் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதினேன். தம்பி, என் கடைசிப் பெட்டிகள் அவைதான். இந்த ஊரில் என் காலம் முழுவதும் உழைத்துவிட்டு நான் வீட்டுக்குக் கொண்டுபோவது உன் குப்பையைத்தான், குப்பை ஆவதற்கு முன்னால்.

ஊரில் பெட்டியைப் பிரிக்கும்போது உன் அத்தைகள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாகவே இருக்கிறது. போர்வையும் தைலமும் இருக்கும் என்று சுற்றி உட்காருவார்கள். "அண்ணே, காலிப் பாட்டிலா?" என்பாள் பெரியவள். ஆமாம் என்பேன். சிரிப்பார்கள், தெரு முழுக்கப் பேசுவார்கள், துபாய்க்காரன் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். ஒரு மாதம் போகட்டும். ஒரு பாட்டிலில் நல்லெண்ணெய் இருக்கும், ஒன்றில் வயலுக்கு மோர் போகும், இன்னொன்று எந்த வீட்டிலோ விளக்கெண்ணெய்க்கு ஆகியிருக்கும். காகிதத் தட்டு கோயில் பொங்கலுக்குச் சுண்டல் கொடுக்க உதவும். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இங்கேதான் அவற்றுக்கு ஒரு நாள் ஆயுசு. விமான நிலையத்தில் எடை சரியாக வந்துவிடும், காற்றுத்தானே அதிகம். இதற்காகத் தைலத்தையும் போர்வையையும் விட்டுவிட்டுப் போகிறோம். நேற்று கயிற்றின் கடைசி முடிச்சை நான் போடும்போது அம்மா விரலை வைத்து அழுத்திக் கொடுத்தாள்.

இது நான் உன்னைத் தோற்கடிக்கச் செய்தது என்று நினைத்தால் நினைத்துக்கொள். மறுக்கமாட்டேன். நான் போனதுக்கப்புறம் நீ பார்த்துக்கொள்வாய் என்றாய். பார்த்துக்கொள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் நான் வைத்துவிட்டுப் போகிறேன்.

சமையலறைக்குப் போ. டம்ளர்கள் அவற்றின் இடத்தில் இருக்கின்றன, எல்லாவற்றையும் நேற்று வெந்நீரில் கழுவியிருக்கிறோம். வரிசையின் கடைசியில் நீ அங்கே பார்த்திராத இரண்டு இருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு உன் அம்மா வீட்டில் கொடுத்தவை, எங்கள் அறையிலேயே இருந்தவை. இந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் செய்வதை நாங்களும் செய்கிறோம். எங்களுக்கும் பெட்டியில் இடமில்லை, அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும். எழுத்து கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. விரலால் தடவினால் தெரியும்.

விருந்தாளிகள் வர இன்னும் நேரம் இருக்கிறது. மாடி ஏறி வந்திருப்பாய், வியர்த்திருக்கும். பானையில் உன் தண்ணீர்தான் இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றை எடுத்து ஒரு டம்ளர் குடி. பிறகு கடைக்கு இறங்குவதானால் இறங்கு.

போவதற்கு முன், குடித்ததைக் கழுவிக் கவிழ்த்து வை.

உன் அப்பா